பேசும் படமும் பேசாத பெண்டாட்டியும்

பேசும் படம் பார்க்கப் போய்ப் பேசாமல் இருக்கக் கற்றுக்கொண்டு வந்தவள் இந்த உலகத்தில் என் மனைவி ஒருத்தியாகத்தான் இருக்க வேண்டும். யுத்த காலம் அது. பெட்ரோல் கிடைக்காமல் பஸ் கரியில் ஓடியது. அரிசிக்கு ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பயந்து மதராஸிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு வந்தவர்கள் ஸ்ரீரங்கத்தில் உறவினர் வீடுகளை நிரப்பியிருந்தார்கள். ஊருக்கு ஆயிரம் கஷ்டம். எனக்கு வந்த கஷ்டம் அந்தப் படம் ஒன்றுதான்.

எனக்குக் கண் தெரியாது. இரண்டு வார்த்தை பேசக் கற்பதற்குள் வைசூரி வந்து, உயிரை விட்டுவிட்டுக் கண்ணை எடுத்துக்கொண்டு போயிற்று. ஆகவே வெளிச்சம் எப்படி, இருட்டு எப்படி என்று என்னைக் கேட்டுப் பிரயோஜனம் இல்லை. இருந்தாலும் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். "எல்லாம் கறுப்பாத் தெரியுமோ?" என்பார்கள். உங்கள் முதுகுக்குப் பின்னால் இப்போது உங்களுக்கு என்ன தெரிகிறதோ அதுதான் எனக்கு எல்லாப் பக்கமும் தெரிகிறது என்பேன். உடனே அவர்கள் திரும்பிப் பார்ப்பது அங்கவஸ்திரத்தின் சலசலப்பில் எனக்குக் கேட்கும்.

வடக்கு உத்தர வீதியில் வீடு. மண்ணச்சநல்லூரில் குத்தகைக்கு விட்ட கொஞ்சம் நிலத்திலிருந்து நெல் வந்துவிடும். பாசுரங்களைக் காதால் கேட்டே பாடம் பண்ணியிருந்தேன். கோயிலில் கோஷ்டியோடு நின்று சொல்வது என் வேலை. தினமும் தனியாகப் போவேன், தனியாக வருவேன். எந்த வாசலில் சாக்கடைக் கல் ஆடும் என்பது என் காலுக்குத் தெரியும். தெருவில் எனக்குச் சிரமமே கிடையாது. நேற்று இருந்த இடத்தில்தான் தெரு இன்றைக்கும் இருக்கும். வீடு அப்படி இல்லை. குடம் நகரும், முறம் நகரும், காயப்போட்ட வடாம் திடீரென்று நடுவழியில் முளைக்கும். இதற்கெல்லாம் எனக்குத் துணை என் மனைவியின் வாய்.

சாதாரண வாய் இல்லை அது. (இதை நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவளும் அவளேதான். இந்த இடத்தில் பேனா நின்றுவிட்டது. உள்ளதைத்தானே சொல்கிறேன், எழுது என்றேன். எழுதுகிறாள்.) காலையில் நான் எழுந்து ஓரடி வைப்பதற்குள் அது ஆரம்பித்துவிடும். "வலது பக்கம் சொம்பு இருக்கு. உதைச்சா நீங்கதான் தொடைக்கணும்." இரண்டாம் அடியில், "அங்க எங்க போறேள்? அது சுவர். போன வருஷமும் அது சுவராத்தான் இருந்தது." நான் அவளிடம் வாய்விட்டு ஓர் உதவி கேட்டதில்லை. கேட்பதற்குள் திட்டு வந்துவிடும், திட்டுக்குள்ளேயே உதவி இருக்கும். பின்கட்டில் பால்காரியோடு அவள் சண்டை போடுவதை வைத்து, கூடத்தில் உட்கார்ந்தபடியே நான் கதவு, தூண், முற்றம் எல்லாவற்றையும் கணக்குப் போட்டுவிடுவேன். தெருவார் என்னைக் கண்டால் உச்சுக்கொட்டுவார்கள். கண்ணும் போய், இப்படி ஒரு வாயும் வந்து வாய்த்ததே என்று. அவர்களுக்கு என்ன தெரியும்?

கல்யாணம் பேசினபோது அவள் வீட்டுப் பெரியவர்கள் அவளுக்கு ஆறுதலாக ஒன்று சொன்னார்களாம். பையனுக்குக் கண் கிடையாது, ஆகவே உன்னை ஒருநாளும் குறை சொல்ல மாட்டான் என்று. "குறை சொல்லத்தான் நான் இருக்கேனே" என்றாளாம் இவள். அதைக் கேள்விப்பட்ட அன்றே எனக்கு இவளைப் பிடித்துப்போயிற்று.

வம்பு என் தமக்கையிடமிருந்து வந்தது. இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்தாள். அவளுக்குப் பேசும் படப் பைத்தியம். எங்கள் தெருவில் அந்தக் காலத்தில் பெண்கள் டாக்கிக்குப் போவது கௌரவமான காரியம் இல்லை. ஆகவே திருச்சி தெப்பக்குளத்துக் கடைத்தெருவில் பாத்திரம் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போவாள். பொய் ஆகிவிடக் கூடாது என்று திரும்பும்போது ஒரு கரண்டி வாங்கிக்கொண்டு வருவாள். அவள் வீட்டில் நாலு பேருக்குச் சமைக்க ஒரு கல்யாணத்துக்குப் போதுமான கரண்டி இருந்தது.

என் மனைவியை அவள் பல தடவை கூப்பிட்டிருக்கிறாள். அழுவதற்குக் கொட்டகைக்குப் போக வேண்டுமா, ஈர விறகுதான் ஆத்திலேயே இருக்கே என்று இவள் மறுத்துவிடுவாள். இந்தத் தடவை அக்கா விடவில்லை. கண்ணில்லாத புருஷனுக்குப் பெண்டாட்டி சிசுருஷை பண்ணுகிற கதை, ஊரே பார்த்து உருகுகிறது, நீ பார்க்காமல் வேறு யார் பார்ப்பது என்று இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

சாயங்காலம் திரும்பினார்கள். அக்கா கூடத்தில் உட்கார்ந்து, மூக்கைச் சிந்திக்கொண்டே கதையைச் சொன்னாள். கதாநாயகனுக்கு மின்னல் வெட்டிக் கண் போய்விடுகிறது. மனைவி அவனுக்குச் சாதம் ஊட்டுகிறாள், தலை வாருகிறாள், கையைப் பிடித்து அழைத்துப் போகிறாள். கண்தானே போயிற்று, கை என்ன ஆயிற்று அவனுக்கு என்று கேட்டேன். உனக்கு உருக்கமே கிடையாது என்றாள் அக்கா. பிறகு ஒரு சாமியார் வருகிறார். பத்தினியானவள் ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், மௌன விரதம் இருந்தால் புருஷனுக்குப் பார்வை வரும் என்கிறார். அவளும் இருக்கிறாள். மாமியார் கரண்டியைக் காய்ச்சிச் சூடு போடுகிறாள், அப்போதும் வாயைத் திறக்கவில்லை. கடைசி நாள் கோயில் மணி அடிக்கிறது. கண் திறக்கிறது. "உன் முகம் தெரிகிறது!" என்று அவன் கூவுகிறான். சுபம்.

மணி அடித்துத்தான் கண் வரும் என்றால் நான் தினமும் மணிக்குப் பக்கத்தில்தானே நிற்கிறேன், எனக்கு இதுவரை காதுதான் அடைத்திருக்கிறது என்றேன். அக்கா கோபித்துக்கொண்டு போய்விட்டாள். இவ்வளவு நேரமும் என் மனைவி ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பதை நான் கவனித்தேன். பஸ் புகையில் தலைவலி போலிருக்கிறது என்று நினைத்துவிட்டேன்.

மறுநாள் எழுந்தேன். ஓரடி வைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. இன்னோர் அடி வைத்தேன். சொம்பு.

உருண்டு போய் முற்றத்தில் விழுந்தது. அப்போதும் சத்தம் இல்லை. என்மேல் கோபம் என்று நினைத்து, நின்ற இடத்திலேயே என் பாபங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். முந்தாநாள் சாத்தமுதில் உப்பு இல்லை என்று சொன்னது ஞாபகம் வந்தது. ஆனால் அதற்கு அப்போதே சுடச்சுடப் பதில் கிடைத்துவிட்டது, பாக்கி வைக்கிறவள் இல்லை இவள். இன்னது என்று புரியாமல் சுவரோரமாக நகர்ந்தபோது அக்கா வந்து விஷயத்தைச் சொன்னாள். விடியற்காலையில் இருவரும் காவேரியில் ஸ்நானம் பண்ணி, தாயார் சன்னதியில் பிரார்த்தனை செய்துகொண்டார்களாம். ஒரு மண்டலம் மௌனம். கடைசி நாள் சாயங்காலம் அதே சன்னதியில் மணி அடிக்கும்போது பூர்த்தி.

"எனக்குக் கண் வேணும்னு நான் எப்போ கேட்டேன்?" என்றேன்.

"நீ கேக்கலைடா. அவ கேக்கறா" என்றாள் அக்கா.

விரதத்தை விட்டுவிடு என்று சொல்ல முடியாது. தாயார் முன்னால் வேண்டிக்கொண்டதை விடச் சொல்லுகிற தைரியம் எங்கள் தெருவில் யாருக்கும் கிடையாது, எனக்கும் கிடையாது. கண்ணில்லாதவனுக்காக ஒருத்தி வாயை மூடிக்கொண்டாள். இதைவிடப் பெரிய அபத்தத்தை உட்கார்ந்து யோசித்தாலும் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் தெரு முழுவதும் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

பிறகு நடந்ததை எல்லாம் சொன்னால் ஏடு தாங்காது. மோரில் கால் வைத்தேன். உலர்த்தியிருந்த வடாத்தின் மேல் நடந்தேன். படத்தில் பார்த்தபடி எனக்கு அவள் சாதம் ஊட்ட ஆரம்பித்தாள். எப்போது வரும் என்று தெரியாது. இன்றைக்கு என்ன தளிகை என்று கேட்க வாயைத் திறப்பேன், தயிர்சாதம் உள்ளே போய்விடும். கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். தலை வாருகிறேன் என்று குடுமியைப் பிடித்தாள். யார் பிடித்தார்கள் என்று தெரியாமல் நான் கத்தின கத்தலில் மதராஸிலிருந்து வந்து அடுத்த வீட்டில் இருந்தவர்கள் குண்டு விழுந்துவிட்டதென்று தெருவுக்கு ஓடினார்கள். கோயிலுக்குக் கையைப் பிடித்து அழைத்துப் போகிறேன் என்று வேறு புறப்பட்டாள். அத்தனை வருஷம் தனியாக நடந்து ஒரு நாளும் விழாதவன், அன்றைக்கு விழுந்தேன். வழியில் சாணம் இருந்திருக்கிறது, சுற்றிப் போகட்டும் என்று இழுத்தாள். எனக்கு இழுப்பு புரிந்தது, சாணம் புரியவில்லை. உட்கார்ந்த பிறகுதான் புரிந்தது.

அவளுக்கும் லேசாக இல்லை. பால்காரிக்கு அது பொற்காலம். அவள் தண்ணீரில் கொஞ்சம் பால் கலந்து ஊற்றுவாள், இவள் பல்லைக் கடித்துக்கொண்டு வாங்குவாள். பல் நெறிபடுவது எனக்குக் கூடம் வரை கேட்கும். சில சமயம் நான் சொம்பை உதைத்தவுடன் மூச்சை உள்ளே இழுப்பாள். ஒரு பெரிய திட்டு தொண்டை வரை வந்து திரும்பிப் போவதை நான் கேட்பேன். அதை மட்டும் வெளியே விட்டால் என் ஆஸ்தியையே எழுதி வைத்துவிடுவேன் என்று தோன்றும்.

தெருவில் அவளுக்கு வந்த மரியாதையோ சொல்லி முடியாது. அதுவரை வாயாடி என்று ஒதுங்கினவர்கள் எல்லாரும் வீடு தேடி வந்தார்கள். சின்னப் பெண்கள் வந்து சேவித்துக்கொண்டு போனார்கள். என்னிடம், எந்த ஜன்மத்துப் புண்ணியமோ இப்படி ஒரு பத்தினி என்றார்கள். இத்தனை வருஷம் அவள் எனக்குச் செய்ததற்கு ஒரு நல்ல வார்த்தை சொன்னவர் கிடையாது. இப்போது ஒன்றும் செய்யாமல் என்னைச் சுவரில் மோதவிட்டதற்குக் கும்பிட்டார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

ஆனால் எரிச்சலைவிடப் பயம்தான் அதிகம். உண்மையைச் சொல்கிறேன், என் சொந்த வீட்டில் உட்கார எனக்குப் பயமாக இருந்தது. கை எட்டுகிற தூரத்தில்தான் அவள் இருந்திருப்பாள். கண் உள்ளவர்களுக்கு அது போதும், திரும்பிப் பார்த்தால் ஆள் இருக்கும். எனக்கு அவள் பேசவில்லை என்றால் அவள் இல்லை. பெண்டாட்டி செத்துப்போனவன் எப்படி இருப்பானோ அப்படி இருந்தேன், சோறு மட்டும் வேளைக்கு வந்துகொண்டிருந்தது.

இதை அக்காவிடம் சொன்னேன். அவள் யோசித்து, பூஜை உள்ளிலிருந்து ஒரு சின்ன மணியை எடுத்து என் மனைவி கையில் கொடுத்துவிட்டாள். ஆமாம் என்றால் ஒரு தடவை, இல்லை என்றால் இரண்டு தடவை. பேசக் கூடாது என்றுதானே விரதம், அடிக்கக் கூடாது என்று இல்லையே. எனக்கும் கொஞ்சம் உயிர் வந்தது. அன்று மத்தியானம் ரேழிப் பக்கம் மணி கேட்டது. காப்பிக்குப் பால் இருக்கிறதா என்றேன். ஒரு தடவை அடித்தது. அப்படியானால் கொண்டு வா என்றேன். இரண்டு தடவை அடித்தது. பால் இருக்கிறது, ஆனால் தர மாட்டாயா, என்ன அநியாயம் என்று எழுந்து போய் ஒரு பாட்டம் சண்டை போட்டேன். எல்லாவற்றுக்கும் மணி அடித்தது. கடைசியில் கழுநீருக்காகக் கழுத்து மணியோடு வந்து நின்ற பக்கத்து வீட்டுப் பசு என் அங்கவஸ்திரத்தைத் தின்ன ஆரம்பித்தபோதுதான் விவகாரம் வெளிப்பட்டது. நான் பால் விஷயத்தில் அதனிடம் பேசினது ஒன்றும் தவறில்லை என்று அக்கா சிரித்துச் சிரித்து மூச்சுத் திணறினாள். என் மனைவி அங்கே நின்றிருந்தாளா, சிரித்தாளா, இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. (சிரித்தேன் என்று இப்போது சொல்கிறாள்.)

மண்டலம் முடியக் கொஞ்ச நாள்தான் இருந்தது. அந்தப் படத்தில் அப்படி என்னதான் இருக்கிறது என்று நானே போய்ப் பார்த்துவிடுகிறேன் என்றேன். கண்ணில்லாதவன் படம் பார்க்கப் போவதாகச் சொன்னதற்குத் தெருவே சிரித்தது. பேசும் படம்தானே, பேசுவதைக் கேட்க எனக்கு என்ன தடை? அக்காவும் என் மனைவியும் கூட வந்தார்கள். பஸ்ஸில் கண்டக்டர் என் மனைவியிடம் "எங்கம்மா போகணும்?" என்று கேட்டுக் கேட்டு அலுத்து, "பாவம், ஊமை போலிருக்கு. ஒருத்தருக்குக் கண்ணில்ல, ஒருத்தருக்கு வாயில்ல, எப்படித்தான் குடும்பம் நடக்குதோ" என்று டிரைவரிடம் சொன்னான். பக்கத்தில் அவள் மூச்சை உள்ளே இழுத்தாள். அந்த மூச்சை வெளியே விட்டிருந்தால் பஸ் கரி இல்லாமலே திருச்சி போய்ச் சேர்ந்திருக்கும்.

கொட்டகையில் நாற்காலி வகுப்பில் குடும்பமாக உட்காரலாம். அக்கா ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம், நடுவில் நான். படம் தொடங்கியது. மின்னல் வெட்டின நிமிஷத்திலிருந்து அந்தக் கதாநாயகன் பேசின பேச்சைக் கேட்க வேண்டுமே. "யாரது? யாரங்கே?" என்று தொண்டை கிழியக் கத்துகிறான். போனது கண்தானே, எதிரில் இருப்பவன் காதுக்கும் ஏதாவது ஆயிற்றா என்று அக்காவிடம் கேட்டேன். பின் வரிசையில் யாரோ "உஸ்" என்றார்கள். இப்போது அவன் எப்படி நடக்கிறான் என்றேன். இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு, தலையை ஆகாயத்துக்குத் தூக்கிக்கொண்டு நடக்கிறானாம். கோழி பிடிக்கப் போகிறானா என்று கேட்டுவிட்டேன். கேட்டது உரக்க விழுந்துவிட்டது போலிருக்கிறது. முன் வரிசை சிரித்தது, பின் வரிசை என்னை வெளியே போகச் சொன்னது. கண்ணில்லாதவனைக் கேலி பண்ணுகிறானே பாவி என்று ஓர் அம்மாள் சபித்தாள். நான் என் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிக் காட்டினேன். இருட்டில் அவளுக்குத் தெரியவில்லை.

பாதிப் படத்தில் கதாநாயகி விரதம் ஆரம்பித்தாள். அவ்வளவுதான், எனக்கு அவள் காணாமல் போய்விட்டாள். பிடில் வாசிக்கிறான், மாமியார் திட்டுகிறாள், கதாநாயகன் கத்துகிறான், இவள் எங்கே? அக்காவைக் கேட்டேன். "அங்கேதாண்டா இருக்கா. அவன் பக்கத்துலயே. அழறா" என்றாள். அழுதால் எனக்கு எப்படித் தெரியும்? அதைவிட ஆச்சரியம், அந்தத் தடியனும் ஒரு தடவைகூட அவள் எங்கே என்று கேட்கவில்லை. பெண்டாட்டி பேச்சை நிறுத்தி ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது, என்ன ஆயிற்று உனக்கு என்று கேட்கத் தோன்றாதவனுக்குக் கண் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன? இந்தக் கதையை எழுதினவன் ஒரு நாழிகை கண்ணை மூடிக்கொண்டு தன் வீட்டுக்குள் நடந்து பார்த்திருந்தால் எழுதியிருக்க மாட்டான்.

இதையெல்லாம் நினைத்துப் பொருமிக்கொண்டிருந்தபோது மணி அடித்தது. கொட்டகை முழுதும் மூச்சு விடவில்லை. "உன் முகம் தெரிகிறது!" என்று அவன் கூவினான். அதற்கப்புறம் அவள் முகத்தைப் பற்றி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனான். அப்போது என் வலது பக்கத்து நாற்காலி ஆடியது. என் மனைவி அழுதுகொண்டிருந்தாள். சத்தம் வரக் கூடாது என்று புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டிருக்கிறாள், நாற்காலி மட்டும் ஆடுகிறது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் விரதம் நான் உலகத்தைப் பார்க்க வேண்டும் என்பதற்காக இல்லை. கோபுரத்தையும் காவேரியையும் நான் பார்த்து என்ன ஆகப் போகிறது? தன்னை ஒரு தடவை நான் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. இத்தனை வருஷத்தில் அவள் அதை ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. அவ்வளவு பேசுகிறவள், அதை மட்டும் சொன்னதில்லை.

திரும்பும்போது பஸ் காவேரிப் பாலத்தின் நடுவில் நின்றுவிட்டது. கிளீனர் இறங்கிக் கரி அடுப்பின் துருத்தியைச் சுற்றிக்கொண்டிருந்தான். அக்கா, ஏதோ நல்லது சொல்கிற தொனியில், "விரதம் சுத்தமா இருந்தா பலிக்காம போகாது. பலிக்கலைன்னா இருக்கறவ கிட்ட ஏதோ குறைன்னுதான் அர்த்தம்" என்றாள். பின்னால் உட்கார்ந்திருந்த எங்கள் தெருக்காரி ஒருத்தி ஆமாம் ஆமாம் என்றாள். என் மனைவியால் பதில் சொல்ல முடியாது. கண் வராது என்று எனக்குத் தெரியும். வராத கண்ணுக்கு இந்தத் தெரு இவளைத்தான் பிடித்துக்கொள்ளும். இப்போது சேவித்துக்கொண்டு போகிறவர்கள் எல்லாரும், அவளிடம் என்ன குறையோ என்று வாழ்நாள் முழுவதும் வாய்க்குள் மென்றுகொண்டிருப்பார்கள். அதை நான் நடக்கவிட மாட்டேன் என்று தீர்மானித்தேன். எப்படி என்பது தெரியவில்லை.

கடைசி நாள் சாயங்காலம் தாயார் சன்னதியில் கூட்டமான கூட்டம். உத்தர வீதியே திரண்டு வந்துவிட்டது. அக்கா கல்யாணத்தை நடத்துகிறவள் மாதிரி எல்லாரையும் இங்கே நில், அங்கே நில் என்று நிறுத்திக்கொண்டிருந்தாள். என்னையும் தோளைப் பிடித்து ஓரிடத்தில் நிறுத்தினாள். உன் ஆத்துக்காரி உனக்கு நேர் எதிரில்தான் நிற்கிறாள், கண் திறந்ததும் முதலில் அவள் முகம்தான் தெரிய வேண்டும் என்றாள். படத்தில் அப்படித்தான். அதற்குள் பின்னாலிருந்து கூட்டம் நெருக்கியது. நானும் ஒதுங்கினேன், அவளும் ஒதுங்கியிருக்கிறாள். இதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது.

மணி அடிக்க ஆரம்பித்தது. நான் பயந்தேன். எனக்காக இல்லை. மணி ஓய்ந்ததும் அக்கா, "ஏதாவது தெரியறதாடா?" என்று கேட்டாள். அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் எங்கேயோ அவளும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். எது அவள் மூச்சு என்று எனக்குப் பிரித்துத் தெரியவில்லை. தாயாரே, மன்னித்துக்கொள்ளும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு, தலையை நிமிர்த்தி, உரக்க, "தெரியறது!" என்றேன்.

ஒரே கூச்சல். யாரோ கோவிந்தா என்றார்கள். ஆரம்பித்ததைப் பாதியில் விட முடியுமா? அந்தக் கதாநாயகன் மாதிரியே இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு முன்னால் போனேன். "உன் முகம் தெரியறது. என்ன லட்சணம்! இத்தனை நாளா இந்த முகத்தைப் பார்க்காம இருந்தேனே. இதுல ஒரு குறையும் இல்லை. எல்லாரும் கேட்டுக்கோங்கோ, ஒரு குறையும் இல்லை" என்றேன். சொல்லிவிட்டு, கன்னத்தைத் தொடலாம் என்று கையை வைத்தேன்.

சில்லென்று இருந்தது. தடவினேன். கோழிமுட்டை அளவுக்குக் கண் பிதுங்கியிருந்தது. மூக்குக்குக் கீழே என் விரல் ஒரு கோரைப்பல்லில் இடித்தது. தூணில் செதுக்கின யாளி. கருங்கல்.

கூச்சல் நின்றுவிட்டது. ஒருவருக்கும் சிரிக்கக்கூடத் தோன்றவில்லை. கையை எடுப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நான் அந்தப் பல்லைப் பிடித்தபடியே நின்றேன். அவளைக் காப்பாற்றப் போய் எல்லார் முன்னாலும் கெடுத்துவிட்டேனே என்று கண்ணில் ஜலம் வந்துவிட்டது. என் கண்ணுக்குத் தெரிந்த ஒரே வேலை அதுதான்.

அப்போது என் இடது கைப் பக்கத்தில், மெதுவாக, பேசிப் பழக்கம் விட்டுப்போன கரகரத்த தொண்டையில் அவள் சொன்னாள்:

"ஏன்னா. நான் இந்தப் பக்கம் இருக்கேன்."

திரும்பினேன். அவ்வளவுதான், சன்னதி முழுவதும் எனக்குத் தன் இடத்தில் வந்து நின்றுவிட்டது. தூண் எங்கே, படி எங்கே, வாசல் எங்கே என்று எல்லாம் தெரிந்தது. அவள் குரல் என் தோள் உயரத்தில் இருந்தது, அழுதுகொண்டிருந்தாள், சிரித்துக்கொண்டும் இருந்தாள். அக்கா தொண்டையைக் கனைத்து, "விரதத்துல எங்கேயோ ஒரு..." என்று ஆரம்பித்தாள். "அக்கா, எனக்கு மௌனம் முடிஞ்சாச்சு. பார்த்துப் பேசுங்கோ" என்றாள் என் மனைவி. அக்கா மேற்கொண்டு பேசவில்லை. தெருவிலும் அதற்கப்புறம் ஒருவரும் பேசவில்லை, அவள் வாய் திறந்துவிட்டது என்பது எல்லாருக்கும் ஞாபகம் வந்துவிட்டது.

கையைப் பிடிக்காமல் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நடந்து வீட்டுக்குத் திரும்பினோம். கொஞ்ச தூரம் போனோம். வருத்தமா என்று கேட்டேன்.

"வருத்தம்தான். ஒரே ஒரு தடவை நீங்க என்னைப் பார்த்திருக்கலாம். நான் நன்னாத்தான் இருப்பேன்" என்றாள்.

"எனக்கும் வருத்தம்தான்" என்றேன். பொய் இல்லை. அதுவரைக்கும் கண் வேண்டும் என்று நான் நினைத்ததில்லை. அந்த நிமிஷம் நினைத்தேன்.

கோபுர வாசல் தாண்டினோம். மூக்கைத் துடைத்துக்கொண்டு அவள் கேட்டாள்: "அந்தத் தூணைப் போய் அவ்வளவு லட்சணம்னேளே. என்னைவிட நன்னா இருந்துதோ?"

"உன்னைவிட வாய் பெரிசு" என்றேன். "ஆனா பேசமாட்டேங்கறதே."

அவள் நடுத்தெருவில் நின்று சிரித்தாள். பிறகு பால்காரியில் ஆரம்பித்தாள், அக்காவுக்கு வந்தாள், கண்டக்டருக்குப் போனாள், ஒரு மண்டலத்துப் பாக்கியையும் வரிசையாகச் சொல்லிக்கொண்டே நடந்தாள். நான் அவள் குரலுக்கு அரையடி பின்னால், கையை வீசிக்கொண்டு நடந்தேன்.